தனிமைப்படுத்தலின் விலை: இங்கிலாந்து உள்ளாட்சி மன்றங்கள் வழங்கிய 500 பவுண்டு உதவித்தொகை

முன்னுரை

கொரோனா தொற்று உறுதியானோரும் அவர்களோடு நெருங்கிய தொடர்பில் இருந்தோரும் வீட்டிலேயே தனித்திருத்தல் 2020 செப்டம்பர் 28 முதல் இங்கிலாந்தில் சட்டக் கடமையாயிற்று. மீறியோர்க்கான தண்டத்தொகை 1,000 பவுண்டில் தொடங்கியது. மீண்டும் மீறியோர்க்கு அது 10,000 பவுண்டு வரை உயரக்கூடியதாக இருந்தது. வேலைக்குச் செல்ல இயலாமல் ஊதியம் இழக்கும் குறைந்த வருமானத் தொழிலாளர்க்கு 500 பவுண்டை ஒரே தவணையாக வழங்கும் திட்டமும் அந்நாள் முதலே நடைமுறைக்கு வந்தது. அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு 314 உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்திட்டம் இயங்கிய முறையையும், தேவையிருந்தும் பலர் அதற்கு வெளியே நிற்க நேர்ந்ததன் காரணத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. தொற்றுள்ளவரைப் பிரித்து வைப்பதையும், தொற்று ஏற்பட்டிருக்கலாம் என ஐயுறப்படுபவரை ஒதுக்கி வைப்பதையும் மருத்துவவியல் வேறுபடுத்திக் காட்டும். பிரித்தானிய நிர்வாக வழக்கு இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது. தமிழிலும் ‘தனிமைப்படுத்தல்’ என்பதே இரண்டிற்கும் வழங்குவதால் இங்கும் அவ்வாறே ஆளப்படுகிறது.

தொகை போதுமானதா?

திட்டத்திற்கு ஒரு முன்னோட்டம் உண்டு. வடமேற்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் வித் டார்வென், பெண்டில், ஓல்டம் ஆகிய மூன்று பகுதிகளில் 2020 செப்டம்பர் 1 முதல் நாளொன்றுக்கு 13 பவுண்டு வீதம் வழங்கப்பட்டது. பதினான்கு நாள்களுக்கு 182 பவுண்டு. இது மிகக் குறைவு எனக் கண்டனம் எழுந்தது.

500 பவுண்டு அத்தகையதன்று. அவ்வாண்டில் 25 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 8.72 பவுண்டு. வாரம் 35 மணி நேரம் உழைப்பவர் இரு வாரங்களில் இழப்பது ஏறத்தாழ 610 பவுண்டு. சட்டப்படியான நோய்க்கால ஊதியம் வாரத்திற்கு 95.85 பவுண்டு, இரு வாரங்களுக்கு 191.70 பவுண்டு. உதவித்தொகை இதற்கு மேற்பட்டு வழங்கப்பட்டதால், இரண்டையும் பெற்றவர்க்கு இழப்பு முழுமையாக ஈடுசெய்யப்பட்டது. வாரம் 120 பவுண்டுக்குக் குறைவாக ஈட்டியோர்க்கும் சுயதொழில் செய்தோர்க்கும் அப்போது நோய்க்கால ஊதியத்திற்கு உரிமை இருக்கவில்லை; அவர்களுக்கும் 500 பவுண்டு பொருட்படுத்தத்தக்க தொகையே. எனவே திட்டத்தின் குறையைத் தொகையின் அளவில் தேடுவது பயன் தராது. அத்தொகை யாருக்குக் கிடைக்கும், அது கிடைக்கும் என்பதை அவர் எப்போது அறிவார் என்பனவே வினாக்கள்.

ஏழ்மையை அளந்த முறை

விண்ணப்பதாரர் டெஸ்ட் அண்ட் டிரேஸ் அமைப்பால் தனித்திருக்கப் பணிக்கப்பட்டவராகவும், வீட்டிலிருந்து வேலை செய்ய இயலாதவராகவும், அதனால் வருமானம் இழப்பவராகவும் இருத்தல் வேண்டும். இவற்றோடு யுனிவர்சல் கிரெடிட், வீட்டு வாடகை உதவி போன்ற நலத்தொகைகளுள் ஒன்றையேனும் பெறுபவராகவும் இருக்க வேண்டும். இறுதி நிபந்தனையே மையமானது. வாடகை உதவியை நெடுங்காலமாகக் கையாண்டு வந்தமையால், நலத்தொகைப் பதிவைச் சரிபார்ப்பது மன்றங்களுக்குப் பழகிய பணி. நிர்வாக நோக்கில் இது அறிவார்ந்த தெரிவே. ஆனால் நலத்தொகை பெறுவதும் ஏழையாக இருப்பதும் ஒன்றல்ல. உரிமையிருந்தும் விண்ணப்பிக்காதோர் உண்டு. குடியேற்ற விதிகளின்படிப் பொது நிதியை நாட இயலாத தொழிலாளர் உண்டு. நலத்தொகை வரம்பைச் சற்றே தாண்டிய வருமானமுடையோரும் உண்டு.

இவர்களுக்காகவே மன்றங்களின் விருப்புரிமைக்குட்பட்ட இரண்டாம் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. முதற்பிரிவின் செலவை நடுவண் அரசு முழுமையாக ஈடுசெய்தது. இரண்டாம் பிரிவிற்கோ வரையறுத்த தொகையே ஒதுக்கப்பட்டது. யாருக்கு வழங்குவது என்னும் வரையறையையும் ஒவ்வொரு மன்றமும் தானே வகுத்துக்கொண்டது. நிதி தீர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தில் அவ்வரையறை இறுகுவது இயல்பே. ஒரே தொழிற்கூடத்தில் அருகருகே நின்று உழைக்கும் இருவர் வெவ்வேறு மன்றங்களின் எல்லைக்குள் வாழ்ந்தால், ஒருவர்க்குத் தொகை கிடைத்து மற்றவர்க்கு மறுக்கப்பட இடமிருந்தது. இதனை மன்றங்களின் மனப்போக்காகக் கொள்வது பொருந்தாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எவரை ஏழை எனக் கொள்வது என்னும் கடினமான முடிவை நடுவண் அரசு கீழே தள்ளிவிட்டு, அதற்குரிய நிதியை மட்டும் தன் கையில் இறுகப் பற்றிக்கொண்டது.

தொழிற்சங்கப் பேரவையான டி.யு.சி. திரட்டி 2021 சனவரியில் வெளியிட்ட தரவுகளின்படி, விண்ணப்பங்களில் பத்தில் ஏழு அளவில் நிராகரிக்கப்பட்டன.

முடிவு எடுக்கப்படும் கணம்

தொழிலாளி வேலைக்குச் செல்வதா, வீட்டிலிருப்பதா என்று முடிவெடுப்பது தகவல் வந்த முதல் நாளில். அப்போது அவர் அறிந்திருப்பது தண்டத்தொகை உண்டு என்பது. உதவித்தொகை உண்டா என்பது விண்ணப்பித்து, வங்கிக் கணக்குச் சான்று முதலியன காட்டி, மன்றம் சரிபார்த்த பின்னரே தெரியவரும். நலத்திட்டங்களில் இத்தகைய காத்திருப்பு வழக்கமானது. தொற்றுத் தடுப்பில் அவ்விடைவெளியே நோய் பரவும் காலம். பொதுச் சுகாதாரக் கருவி ஒன்று நலத்திட்டத்தின் அச்சில் வார்க்கப்பட்டமையே இங்கு நேர்ந்த முரண்.

2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு இதனோடு இணைத்துப் படிக்கத்தக்கது. அறிகுறி தோன்றினால் தனித்திருப்போம் என்று கூறியவர் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர். அறிகுறி தோன்றியபின் முழுமையாகத் தனித்திருந்ததாகக் கூறியவர் 42.5 விழுக்காட்டினரே. பொருளாதார நெருக்கடி, வீட்டில் சார்ந்து வாழும் குழந்தை இருத்தல் ஆகியன கடைப்பிடிப்புக் குறைவோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. விருப்பம் இருந்தது; அதனை நிறைவேற்றும் வசதியே பலரிடம் இல்லை என்று இதனைப் பொருள்கொள்ள இடமுண்டு.

பிற்காலத் திருத்தங்கள்

விடுபட்டோர் சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டனர். கைப்பேசிச் செயலி வழியே தகவல் பெற்றோர் 2020 டிசம்பரில்தான் தகுதி பெற்றனர். தனித்திருக்கப் பணிக்கப்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையைத் துறந்து வீட்டிலிருந்த பெற்றோர் 2021 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விருப்புரிமைப் பிரிவிற்கும் கூடுதல் நிதி வந்தது. வேல்ஸ் தன் தொகையை 2021 ஆகஸ்டில் 750 பவுண்டாக உயர்த்தியது. இங்கிலாந்தில் அது 500 பவுண்டாகவே நீடித்தது.

2022 பிப்ரவரி 24இல் தனித்திருக்கும் சட்டக் கடமை நீக்கப்பட்டபோது திட்டமும் நிறைவுற்றது. முந்தைய தனிமைப்படுத்தல்களுக்கான விண்ணப்பங்கள் ஏப்ரல் 6 வரை ஏற்கப்பட்டன. அதற்கிடையே, மார்ச் 25 முதல், கொரோனாவிற்காகத் தளர்த்தப்பட்டிருந்த நோய்க்கால ஊதிய விதிகளும் பழைய நிலைக்குத் திரும்பின. நோயுற்ற முதல் மூன்று வேலை நாள்களுக்கு அவ்வூதியம் மீண்டும் இல்லாதாயிற்று.