துணி துவைத்தவளுக்குமா?

போன மாதம் சேரன்மகாதேவியில் பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ரம்பம் போட்டு அறுத்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன். "எதுக்கு மைனி இம்புட்டு பயம்?" என்று சிரித்தாள் அந்த வீட்டுப் பெண்.

தாமிரபரணிக் கரை நெடுக ஓடு போய் இந்த ஷீட் வந்துவிட்டது. நல்ல நிலையில், சும்மா கிடந்தால் பெரிய உபத்திரவமில்லை. அறுத்தால், உடைத்தால் கிளம்பும் தூசிதான் எமன்! அதன் நுண்ணிய நார் மூச்சோடு போய், நுரையீரல் உறையில் 'மீசோதீலியோமா' என்ற புற்றுநோயை உண்டாக்கலாம். உடனே அல்ல, 30, 40 வருஷம் கழித்து.

1965ல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், ஆலைக்கே போகாத பெண்களும் இந்நோயாளிகளில் இருந்தார்கள். புருஷனின் வேலை உடுப்பைத் துவைத்தவர்கள், பாவம்! பிரிட்டன் 1999ல் தடை செய்தும், அங்கே வருஷம் 2,000 பேருக்கு மேல் இன்னும் இதில் இறக்கிறார்கள். நம் நாட்டில் தடையும் இல்லை, பதிவாகும் சாவும் சொற்பம். நோயே இல்லையென்றா அர்த்தம்? நெஞ்சில் நீர் கோத்தால் காசநோய் என்றே முடித்துவிட வாய்ப்புண்டு. முப்பது வருஷத்துக்கு முந்தைய வேலையை யார் கேட்கிறார்கள்?

ஷீட்டைப் பிரிப்பதானால் நனைத்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். தூசியை வாரியலால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றுங்கள். வேலை செய்தவர் சட்டையை உதறாமல் தனியே அலசுங்கள். மூச்சிரைப்புக்கு டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் வீட்டார் பார்த்த பழைய வேலையைச் சொல்லுங்கள்.