கல்லாவும் கருவியும்: ஜி.டி. நாயுடு வாழ்வில் வணிகர்க்கு ஒரு பாடம்



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓடினால்தான் கள்ளிக்குப்பத்தில் நம் கல்லாப்பெட்டி நிறையும். பட்டறைகளுக்கு ஆர்டர் குறைந்தால் அடுத்த மாதமே நம் கடன் நோட்டு தடித்துவிடும். சம்பள நாளை நம்பி அரிசி, பருப்பு அளக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இயந்திரம் செய்தவரின் வரலாறு நமக்கு அந்நியமன்று. பட்டம் பெறாமலே இயந்திரத் துறையில் பெயர் நாட்டிய கோவை ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கையை ஒரு வியாபாரியின் கண்கொண்டு பார்ப்போம்.

சர்வர் வேலையில் சேர்த்த முதல்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் நாயுடு. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்த நாள்முதல் அதே நினைவு. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை செய்தார். காசு சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கிய வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடியும் பூட்டினார். அதுவே அவர் படித்த பொறியியல் கல்லூரி எனலாம்.

1920இல் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் அவர்களின் உதவியுடன் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். கையில் சான்றிதழ் இல்லாத ஓர் இளைஞரின் உழைப்பை எடைபோட்டுக் கைகொடுத்தவர் ஒரு வியாபாரி! அந்த ஒரு பஸ்தான் பின்னாளில் யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

மோட்டார் தந்த வாழ்வு

1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டாரை உருவாக்கினார். கோவை பின்னர் மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பெயர்பெற்ற ஊரானது. நம் வீடுகளிலும் மாவுக் கடைகளிலும் சுழலும் கிரைண்டரும் அந்த ஊர் தந்ததே. இட்லி மாவுப் பாக்கெட் விற்கும் நமக்கு அந்தத் தொழில் எவ்வளவு நெருக்கம் என்று விளக்க வேண்டுமா?

சவர ரேஸர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று அவர் செய்தவை பல. விலையில் அவர் கணக்கு நம் கணக்கேதான்: மலிவாகக் கொடுத்தால் வாங்குவோர் பெருகுவர். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் செய்துகாட்டினார். லைசென்ஸ் கிடைக்கவில்லை, உற்பத்தி நின்றது. லைசென்ஸ் வாங்க அலைந்து செருப்புத் தேய்ந்த நம்மவர்க்கு அந்த வேதனை புரியும்.

கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமையக் காரணமாயிருந்தார். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் கற்பிக்கலாம் என்று வாதிட்டார். அரசு ஏற்கவில்லை; முதல்வர் பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4இல் மறைந்தார். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அவிநாசி சாலை மேம்பாலம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

நாம் செய்யக்கூடியது

மேம்பாலம் கட்டுவது அரசின் வேலை. ஸ்டேன்ஸ் செய்ததைச் செய்வது நம் கையில் இருக்கிறது. பத்து ஆண்டு கூலிக்கு உழைத்த தொழிலாளி பழைய லேத் ஒன்று வாங்கித் தனியாகப் பட்டறை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி ஜாமீன் கேட்கும். நமக்கோ அவர் நாணயம் தெரியும். மாதாமாதம் பாக்கி தீர்த்தவர் யார், இழுத்தடித்தவர் யார் என்பதை நம் கடன் நோட்டே சொல்லும்.

சக்திக்கு மீறிக் கடன் கொடுக்க நாம் சொல்லவில்லை. வசூலாகாத பாக்கியால் கடையை மூடியவர்களையும் நாம் அறிவோம். கடைக்கு இரும்பு ரேக், ஷட்டர் வேலை, கிரைண்டர் ரிப்பேர் வந்தால் முதலில் உள்ளூர்ப் பட்டறையைக் கேட்போம். வேலை முடிந்த அன்றே பணம் கொடுப்போம். அந்தப் பணம் சுற்றி நம் கல்லாவுக்கே திரும்பும்.