துக்கம் கழித்தல்

துக்கம் கழித்தல் என்பது, ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்த பின்னர் குறிப்பிட்ட நாட்களை எண்ணி, அந்நாட்களுக்குரிய சடங்குகளைச் செய்து, அவ்வீட்டார் மீண்டும் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பும் வழக்கமாகும். பதினாறாம் நாள், ஆண்டு நிறைவு, ஆடி அமாவாசை ஆகியவை இதில் முக்கியமானவை. இறந்தவரை மறக்கச் செய்வது இதன் நோக்கமன்று. எப்போது அழுவது, எப்போது வேலைக்குத் திரும்புவது, எப்போது நல்ல காரியங்களில் கலந்துகொள்வது என்பதையெல்லாம் துயரத்தில் இருப்பவர் தனியே முடிவு செய்ய வேண்டியதில்லை. அந்தச் சுமையை உறவும் ஊரும் பகிர்ந்துகொள்கின்றன.

இக்கட்டுரை திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டாரத்திலும் பொதுவாகத் தென் தமிழகத்திலும் உள்ள வழக்கங்களை விளக்குகிறது. இவை ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் சிறிது மாறுபடும்.

முதல் பதினாறு நாட்கள்

இறப்பு நேர்ந்த வீட்டுக்குச் சென்று விசாரிப்பதைத் தென் மாவட்டங்களில் ‘கேதம் கேட்டல்’ என்பர். அன்று அவ்வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரும் அக்கம்பக்கத்தாரும் உணவு கொண்டு வருவர். பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பர். ஒப்பாரி வெறும் அழுகை அன்று. இறந்தவரின் குணம், குடும்பத்தின் நிலை, வெளியே சொல்ல முடியாத மனக்குறை ஆகியவையும் அதில் வெளிப்படும். என்றோ தன் தாயை இழந்த பெண், இன்னொரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தன் தாயை நினைத்தும் அழலாம். அதை யாரும் தவறாக எண்ணுவதில்லை.

அடக்கம் அல்லது எரியூட்டலுக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளிக்கும் சடங்கு நடைபெறும். பதினாறாம் நாள் கருமாதி எனப்படும். அன்று மகன் நீராடிய பின், தாய்மாமன் அல்லது மைத்துனர் முறை உள்ளவர் புதுத்துணி கொடுத்துத் தலைப்பாகை கட்டிவிடுவர். இதற்கு உருமாக்கட்டு என்று பெயர். குடும்பப் பொறுப்பு இனி யாருடையது என்பது இதன் மூலம் ஊரார் முன்னிலையில் உறுதியாகிறது. கூடவே, பொறுப்பேற்பவருக்குத் துணையாக நிற்பவர் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

விடுமுறை கிடைக்காமை, வெளியூர் வேலை போன்ற காரணங்களால் இன்று பலர் இச்சடங்குகளை மூன்றாம் நாளிலேயே முடித்துவிடுகின்றனர். இதனால் செலவு குறைகிறது. ஆனால் உறவினர் உடன் தங்கும் நாட்களும் குறைகின்றன.

ஓராண்டும் அதன் பின்னரும்

துக்கம் நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு தீபாவளியும் பொங்கலும் கொண்டாடுவதில்லை. பண்டிகை நாளில் உறவினரும் அண்டை வீட்டாரும் பலகாரம் கொண்டு வந்து கொடுப்பர். முதல் ஆண்டு நினைவு முடிந்த பிறகு பண்டிகைகள் மீண்டும் தொடங்கும். ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்ற பழமொழி அறுவடையையும் திருமணத்தையும் ஒட்டி எழுந்தது என்றாலும், துக்கம் கழித்த வீட்டாருக்கும் தை மாதம் அவ்வாறே அமைகிறது.

ஓராண்டோடு நினைவு முடிந்துவிடுவதில்லை. ஆடி, புரட்டாசி, தை மாத அமாவாசைகளில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்வர். நிலக்கோட்டை வட்டாரத்து மக்கள் இதற்காக அணைப்பட்டியில் வைகைக் கரைக்குச் செல்வர். ஆண்டு முழுதும் வேலையில் மூழ்கியிருப்பவருக்கும் நினைப்பதற்கென்று ஒரு நாள் இவ்வாறு ஒதுக்கப்பட்டுள்ளது.

பிற சமயங்களிலும் இத்தகைய நாள்கணக்கு உண்டு. இசுலாத்தில் கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் ‘இத்தா’ இருப்பார். கத்தோலிக்கர் நவம்பர் 2 ஆம் நாளைக் கல்லறைத் திருநாளாகக் கடைப்பிடித்து, கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவர்.

ஆய்வாளர் கருத்துகள்

பிரெஞ்சு மொழியில் எழுதிய ஆய்வாளர் ஆர்னால்டு வான் ஜென்னெப் 1909 இல் வெளியிட்ட நூலில், வாழ்க்கைச் சடங்குகளுக்கு மூன்று நிலைகள் உண்டு என்றார். அவை பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்பன. பதினாறு நாள் வழக்கத்தில் இம்மூன்றையும் காணலாம். பிறர் பந்தலில் உண்ணாமல் ஒதுங்கியிருந்த குடும்பம், கருமாதி முடிந்ததும் ஊரோடு மீண்டும் சேர்கிறது.

ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014 இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு, புதுத் தொடக்கங்களைப் பற்றியது. வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வோர் அதிகமாவதை அவர்கள் கண்டனர். ஒரு தேதி, பழைய நாட்களுக்கும் வரும் நாட்களுக்கும் இடையே கோடு போட்டதுபோல் மனத்தில் பதிகிறது. எனினும் துயரத்தில் இருப்பவருக்கு அதே தேதி இழப்பையும் நினைவூட்டும். இறப்புக்குப் பின் வரும் முதல் பொங்கல் பலருக்குக் கடினமாக இருப்பது இதனால்தான்.

2020 இல் கொரோனா பெருந்தொற்றின்போது இறுதிச் சடங்குகளில் 20 பேருக்கு மேல் கூட அரசு தடை விதித்தது. தொற்றைத் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனால் பல குடும்பங்கள் முகம் பார்க்காமலும் கேதம் கேட்க ஆளில்லாமலும் துயரப்பட்டன. சடங்கைவிட அதற்கு வந்து சேரும் மனிதர்களே ஆறுதல் என்பது அப்போது தெளிவாயிற்று.

பூவும் மறுக்கப்பட்ட தொடக்கமும்

நிலக்கோட்டை பூச்சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். மல்லிகை, முல்லை, பிச்சி, சம்பங்கி, செவ்வந்தி எனப் பலவகைப் பூக்கள் இங்கு விற்பனைக்கு வருகின்றன. முகூர்த்த நாட்களிலும் பண்டிகை நாட்களிலும் விலை உயரும். மணமாலைக்கும் இறந்தவருக்குச் சாத்தும் மாலைக்கும் பூ ஒரே சந்தையிலிருந்துதான் செல்கிறது. ஆனால் கணவரை இழந்த பெண்ணுக்கு அப்பூ மறுக்கப்பட்டு வந்தது.

கருமாதியின் முடிவில் மகனுக்குத் தலைப்பாகை கட்டும் அதே வழக்கம், மனைவியிடமிருந்து தாலி, பூ, பொட்டு, வளையல் ஆகியவற்றை நீக்கியது. மகனுக்குப் பதினாறாம் நாளில் துக்கம் கழிந்தது. மனைவிக்கு அது வாழ்நாள் முழுவதும் நீடித்தது. மகளின் திருமணத்தில்கூட அவர் பின்வரிசையில் நிற்க நேர்ந்தது. பூவும் பொட்டும் பெண் குழந்தைப் பருவம் முதல் அணிபவை, கணவரால் வந்தவை அல்ல என்று சீர்திருத்தவாதிகள் எடுத்துரைத்தனர்.

1856 இல் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுவயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911 இல் பட்டம் பெற்று, 1912 இல் சென்னையில் இளம் கைம்பெண்கள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் தொடங்கினார். 2022 மே மாதம் மகாராட்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்திலுள்ள ஹெர்வாட் கிராமம், கைம்பெண்ணின் பொட்டையும் வளையலையும் நீக்கும் வழக்கத்தைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றியது. 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு கோவிலின் ஆடித் திருவிழாவில் கைம்பெண் ஒருவர் கலந்துகொள்வதைத் தடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது பல வீடுகளில் பிள்ளைகளே தாயிடம் பூவைக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கின்றனர்.

நாள் முடிந்தும் துயரம் முடியாதபோது

நாள்கணக்கு ஓர் அழைப்பே தவிரக் கட்டளை அன்று. பதினாறு நாளோ ஓராண்டோ கடந்தும் அழுகை வந்தால் அது பலவீனம் ஆகாது. ஆனால் ஏக்கம் சற்றும் தணியாமல், உணவு, உறக்கம், வேலை, படிப்பு ஆகியவை பல மாதங்கள் பாதிக்கப்பட்டால் மருத்துவ உதவி தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதை நீடித்த துயரக் கோளாறு எனக் குறிப்பிடுகிறது. இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதம் கடந்திருப்பதுடன், அவரவர் பண்பாட்டில் வழக்கமான அளவையும் மீறியிருக்க வேண்டும் என்பது அதன் விதி.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெற்றோரை இழந்த மாணவர் கருமாதி முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது, துயரம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டில் உறவினர் அப்போதுதான் ஊருக்குக் கிளம்பியிருப்பர். தனிமை தொடங்கும் நேரம் அது. விடுபட்ட பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுப்பது, மதிய உணவுக்கு உடன் அமர்வது, இறந்தவரைப் பற்றி அவரே பேசினால் பேச்சை மாற்றாமல் கேட்பது ஆகியவை பெரிய உதவிகள். அவரிடம் ‘அழாதே’ என்று சொல்ல வேண்டியதில்லை.

மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் முதல் இந்தியா முழுவதும் இயங்குகிறது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.