கம்பி வலையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

2016 ஏப்ரலில் பினாங்கு, பாயா தெருபோங்கில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு மலைப்பாம்பு பிடிபட்டது. நீளம் ஏறத்தாழ 8 மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். அவ்வளவு பெரியது அபூர்வம். ஆனால் தீவின் நடுவே காட்டு மலையும் அதன் அடிவாரத்தை ஒட்டித் தாமான்களுமாக இருக்கும் ஊரில், சின்ன மலைப்பாம்பு கோழி தேடி வருவது அதிசயமில்லை.

முட்டைக்கான அரசு உதவித்தொகை 2025 ஆகஸ்டு 1 முதல் நின்றுவிட்டது. வீட்டிலேயே நாலு கம்போங் கோழி வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள், முதலில் கூண்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வரும் பகை ஒருவிதமல்ல. மூசாங் இரவில் மரக்கிளை வழியே கூரைக்கு வரும். உடும்பு பகலில் வந்து மண்ணைத் தோண்டி முட்டையையும் குஞ்சையும் தின்னும். தெருநாய் வலையைப் பிய்க்கும். எலி தீவனத்துக்கு வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். தலை நுழைகிற இடுக்கில் பாம்பின் உடம்பும் நுழைந்துவிடும். கோழியை விழுங்கியபின் அதே இடுக்கில் வெளியேற முடியாமல் காலைவரை உள்ளேயே சுருண்டு கிடப்பதும் உண்டு.

கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். பகை உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, பற்றவைத்த இரும்புவலைதான் வேண்டும். அதை ஆணியை வளைத்து அடிக்காமல், வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். காற்றோட்டத்துக்காகக் கூரைக்கடியில் விடும் இடைவெளிக்கும் அதே வலை வேண்டும். நம் வெக்கையில் காற்றில்லாத கூண்டும் கோழியைக் கொல்லும்.

இராக்கூண்டைத் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயர்த்திக் கால்களில் நிறுத்துங்கள். அடிப்பகுதிக்கும் வலை போடுங்கள். பகலில் மேயும் அடைப்பைச் சுற்றி ஓரடி அகல வலையை வெளிப்பக்கமாகத் தரையில் படுக்க வைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டால், தோண்ட வரும் விலங்கு வலையில் முட்டித் திரும்பும். கதவுக்கு ஒரு கொக்கி போதாது. தாழ்ப்பாளும் அதற்கொரு பூட்டும் வேண்டும். கூரைமேல் சாயும் கிளைகளை வெட்டிவிடுங்கள். தீவனத்தை இரவில் மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டியது மரத்திலும் கூரையிலும். தொழிற்சாலைகள் கழிக்கும் மரப்பலகைத் தட்டுகளைக் கேட்டு வாங்கலாம். 'எச்.டி.' முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுப்புகை போட்டது, வேண்டாம். கூரைக்குப் பழைய தகரம் போதும். கோழிக்கு நாலு சதுர அடித் தரை, ஓரடிக்குக் கொஞ்சம் குறைவாக உட்காரும் கொம்பு, நாலைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி என்று கணக்கு வைத்துக்கொண்டால் பொருள் வீணாகாது. நகரத்துக்குள் வளர்க்கும் முன் மாநகர் மன்ற விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைப்பாம்பும் உடும்பும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பாம்பு உள்ளே கிடந்தால் பாராங்கைத் தேடாதீர்கள், 999ஐ அழையுங்கள். அவற்றின் காட்டை ஒட்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் நாம். கோழியைக் காக்க அவற்றைக் கொல்லத் தேவையில்லை. நல்ல வலைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழியுங்கள். இரண்டு உயிரும் பிழைக்கும்.