அப்பாயியை ஒட்சிசன் அறைக்குக் கொண்டுபோகலாமா?

கண்ணாடிக் குழாய் மாதிரியான ஒரு அறைக்குள் வயதானவர் படுத்திருக்கிறார். உள்ளே ஒட்சிசன் போகிறது. சில வாரங்களில் மறதி பறந்துவிடும் என்று வீடியோவில் யாரோ சொல்கிறார். ஹந்தானை லயத்திலோ கண்டி டவுனிலோ அல்சைமர் (மூளைக் கலங்கள் படிப்படியாகச் சிதைந்து நினைவு போகும் நோய்) வந்த அப்பாயியை வைத்துப் பார்க்கிற உங்களுக்கு, வெளிநாட்டுச் சொந்தக்காரர் இப்படி ஒன்றை அனுப்பியிருக்கலாம். நகையை அடகுக்குக் கொண்டுபோகும் முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது? இதற்கு உயர் அமுக்க ஒட்சிசன் சிகிச்சை என்று பெயர். இறுக மூடிய அறையில் காற்றின் அமுக்கத்தை ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை கூட்டி, சுத்தமான ஒட்சிசனைச் சுவாசிக்கக் கொடுப்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம்தான். ஆனாலும் நல்ல உடம்பில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கின்றன. அமுக்கம் கூடும்போது, சோடாப் போத்தலில் வாயு கரைவதுபோல, மேலதிக ஒட்சிசன் இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரைகிறது. 1960இல் ஆம்ஸ்டர்டாமில் போரேமா என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பன்றிகளின் சிவப்பணுக்களை அநேகமாக முழுவதும் நீக்கிவிட்டு, இந்த முறையில் அவற்றை உயிரோடு வைத்திருந்து காட்டினார்.

அப்படியானால் இது பொய் வைத்தியமா? இல்லை. ஆழ்கடலில் சுழியோடி, சட்டென்று மேலே வருபவர்களின் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகும். அவர்களின் உயிரைக் காப்பது இந்த அறைதான். திருகோணமலையில் கடற்படையிடம் இது இருப்பதும் அதற்காகவே. காபன் மொனொக்சைட்டுப் புகை நஞ்சானவர்களுக்கும், சீனி வருத்தத்தால் காலில் ஆறாத புண் உள்ள சிலருக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சையால் பழுதான தசைக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நிரூபணம் உள்ள இடங்கள் இவை.

மறதி நோய்க்கு நிரூபணம் இருக்கிறதா? போதாது. நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உடம்பின் எடையில் வெறும் இரண்டு சதவீதமான மூளை, ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அல்சைமரில் மூளைக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. இஸ்ரேலில் எலிகளுக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுத்தபோது மூளையில் படியும் புரதத் திட்டுகள் குறைந்தன. ஆனால் எலியில் பலித்து மனிதரில் பலிக்காமல் போன அல்சைமர் மருந்துகள் ஏராளம். சீனாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் 42 நோயாளிகள், நாளுக்கு 40 நிமிடம், 20 நாட்கள் சிகிச்சை பெற்றார்கள். நினைவுச் சோதனையில் புள்ளிகள் கூடின. அந்த ஆட்தொகை மிகச் சிறியது. தமக்குச் சிகிச்சை நடப்பது அவர்களுக்கும் குடும்பத்துக்கும் தெரியும். நம்பிக்கையும், தினமும் கிடைத்த கவனிப்பும், ஒரே சோதனையை மறுபடி எழுதிய பழக்கமும்கூடப் புள்ளியைக் கூட்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2013இலேயே, அல்சைமருக்கு இது நிரூபிக்கப்படவில்லை, ஏமாறாதீர்கள் என்று மக்களுக்கு அறிவித்தது.

“பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே?” இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. அமுக்கம் ஏறும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்குங்கள், மூக்கைப் பிடித்து ஊதுங்கள் என்பார்கள். சொன்னதைச் செய்ய முடியாத ஒருவருக்குச் செவிப்பறை காயப்படலாம். நுரையீரல் நோய் இருந்தால் ஆபத்து கூடும். சீனி வருத்தக்காரருக்கு உள்ளே சீனி இறங்கிவிடலாம். அபூர்வமாக வலிப்பும் வரும். பூட்டிய அறை, தெரியாத முகங்கள். அப்பாயி பயந்து எழும்ப முயன்றால் கதவை உடனே திறக்கவும் முடியாது, அமுக்கத்தை மெல்லத்தான் இறக்க வேண்டும்.

தீ இன்னொரு பயம். ஒட்சிசன் நிறைந்த இடத்தில் சின்னப் பொறியும் பெருநெருப்பாகும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் இப்படியான அறை தீப்பிடித்து ஐந்து வயதுப் பிள்ளை இறந்தது. அதனால்தான் முழுப் பருத்தி உடுப்பு மட்டும் என்கிறார்கள். நைலெக்ஸ் சேலை கூடாது. தலையில் தேங்காய் எண்ணெய், முழங்காலில் தேய்த்த சித்தாலேப எதுவும் கூடாது. காலையில் எண்ணெய் வைக்காமல் வெளியே வராத அப்பாயிக்கு ஒவ்வொரு தடவையும் தலை கழுவ வேண்டும்.

ஒரு தடவை போனால் போதுமா? போதாது. வழக்கமாகச் சொல்வது 40 முதல் 60 தடவை, வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அதற்காகக் கொழும்பிலோ சென்னையிலோ அறை எடுத்துத் தங்க வேண்டிவரும். பழகிய வீட்டை விட்டுப் பெயர்த்தாலே மறதி நோயாளியின் குழப்பம் கூடும். சிகிச்சைச் செலவோடு உங்கள் நாட்சம்பளமும் போகும்.

நாங்கள் மலையில் இருப்பதால் ஒட்சிசன் குறைந்துதான் இந்த நோய் வந்ததா? இல்லை. ஹந்தானை உச்சியில் காற்றமுக்கம் கடல்மட்டத்தைவிடச் சுமார் எட்டில் ஒரு பங்குதான் குறைவு. உடம்பு அதை எளிதாகச் சமாளிக்கும். வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் வைத்தாலும் அல்சைமருக்குப் பலன் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் இது அல்சைமர்தானா என்று பாருங்கள். தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்ததில் தலைக்குள் இரத்தக்கசிவு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதி மாதிரியே காட்டும். இவற்றில் பலவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. திடீரென்று இரண்டு மூன்று நாளில் குழப்பம் வந்தால் சிறுநீர்க் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், உடனே கொண்டுபோங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் காட்டலாம், காசு இல்லை. கிளினிக் கொப்பியையும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்: அப்பாயி எத்தனையாம் வகுப்புவரை படித்தார், எந்த மொழி விளங்கும் என்பதை. பள்ளிக்கூடமே போகாமல் கொழுந்து பறித்தவரிடம் இன்றைய திகதியைக் கேட்டுப் புள்ளி குறைத்தால் அது நோயாகாது. சம்பள நாளும் திருவிழா மாதமும் அவருக்குத் தெரிகிறதா, முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லையா என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அல்சைமர் என்று உறுதியானால் டொனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்சக் காலம் உதவும், குணமாக்காது. பிரஷரையும் சீனியையும் கட்டுப்பாட்டில் வைப்பது, காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்வது எல்லாம் அறையைவிட நிச்சயமாகப் பயன்படும். ஹந்தானையில் மூடுபனி இறங்கினால் தேயிலை மலைக்குள் ஆளைத் தேடுவது கஷ்டம். உடுப்பின் உள்ளே பெயரையும் போன் நம்பரையும் தைத்துவிடுங்கள். வெளிக்கதவுக்கு அவர் பார்வை படாத உயரத்தில் ஒரு கொக்கி போடுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் அரை நாளாவது ஓய்வு கொடுக்க வீட்டில் ஆள் ஒதுக்குங்கள். வழிகாட்டல் வேண்டுமானால் கொழும்பில் லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷன் இருக்கிறது.

யாராவது “ஆய்வில் சேர்க்கிறோம்” என்று அறையைக் காட்டினால்? எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது, இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடதாசியை வாங்கி உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆய்வென்று சொல்லிக்கொண்டே முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள்.