தெருவுக்குள் டாஸ்மாக் வருதா? மாநகராட்சியால் தடுக்க முடியுமா?

தெருமுனையில் பல மாதமாகப் பூட்டிக் கிடந்த கடைக்குத் திடீரென ஷட்டர் மாற்றுகிறார்கள். முன்பக்கம் இரும்புக் கிராதி அடிக்கிறார்கள். "என்ன கடை வருது?" என்று கேட்டால் வெல்டிங் வைப்பவர் சிரிக்கிறார். கிராதியைப் பார்த்ததுமே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். அன்று இரவே தெரு வாட்ஸ்அப் குழுவில் விஷயம் உடையும்: டாஸ்மாக்.

அடுத்து எல்லோரும் போய் நிற்பது கவுன்சிலர் வீட்டு வாசலில். "நம்ம வார்டுல வேணாம்னு மாமன்றத்துல ஒரு தீர்மானம் போடுங்க" என்பார்கள். அவரும் சரி என்பார். போடலாம்தான். ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு மதுக்கடை விதிகளில் இடமே இல்லை. இறைச்சிக் கூடம், சுடுகாடு, தெருவிளக்கு எல்லாம் அரசியலமைப்பின் 12-வது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பட்டியலில் இருக்கின்றன. மது இல்லை. அது முழுக்க மாநில அரசின் அதிகாரம்.

அப்ப யார் முடிவு பண்றாங்க?

மாவட்ட ஆட்சியர். 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. அதற்கான 2003-ம் ஆண்டு விதிகளின்படி கடைக்கு உரிமம் தருபவர் ஆட்சியர், வாங்குவது டாஸ்மாக். கேட்பதும் அரசு, கொடுப்பதும் அரசு. 2024-25-ல் மட்டும் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால், மனுவோடு போக வேண்டிய இடம் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மின்சார ரயிலில் போய்விடலாம்.

50 மீட்டரா, 100 மீட்டரா?

தாம்பரம்வாசிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். விதி 8-ன்படி வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆனது. பேரூராட்சி என்றால் 'மற்ற இடங்கள்'. அதாவது சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளிக்கு அதுவரை 100 மீட்டர் பாதுகாப்பு இருந்தது. மாநகராட்சிப் பலகை மாட்டியதும் அது 50 ஆனது. பள்ளி அதே பள்ளி, தெரு அதே தெரு. சொத்து வரியைப் பற்றி அத்தனை பேர் பேசினோம், இதை யாரும் பேசவில்லை.

இந்த 50 மீட்டரிலும் ஓட்டை உண்டு. திட்டக் குழுமம் 'வணிகப் பகுதி' அல்லது 'தொழிற்பகுதி' என வகைப்படுத்திய இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது. தாம்பரத்துக்கு அந்தக் குழுமம் சி.எம்.டி.ஏ. எனவே மனு எழுதும் முன், கடை இருக்கும் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். "ஸ்கூல் பக்கத்துல இருக்கு" என்று மட்டும் எழுதிய மனு, 'வணிகப் பகுதி' என்ற ஒரே சொல்லில் அடிபட்டுப் போகும்.

நெடுஞ்சாலைத் தீர்ப்பு என்ன ஆச்சு?

பா.ம.க. வழக்கறிஞர் கே.பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரலில் தமிழகம் முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆனால் அவற்றில் பல, சாலையை விட்டு ஊருக்குள் இடம் தேடின. பெண்கள் தெருவில் இறங்கியது அதனால்தான். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்த வீடியோ அப்போதுதான் பரவியது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை என்று நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மாநகராட்சி எல்லைக்குள் ஓடும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் இதே கதைதான்.

மக்கள் கருத்துக்கு மதிப்பே இல்லையா?

2021-ல் ஊராட்சிகளாகவே விடப்பட்ட முடிச்சூர், மேடவாக்கம் போன்ற இடங்களுக்குக் கிராம சபை என்ற மேடை இருந்தது. அங்கே நிறைவேறும் தீர்மானம் ஆட்சியரைக் கட்டிப்போடாது என்றாலும், நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதம். நகரத்தில் அதற்கு இணை, பகுதி சபா. 2022 நவம்பர் 1-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபா கூட்டம் நடந்தது இதே மாநகராட்சியின் பம்மலில்தான். குப்பை, கால்வாய் பற்றிப் பேசும் அந்த மேடையில் மதுக்கடை எதிர்ப்பையும் எழுத்தில் பதியவைக்கலாம். பதிந்த நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மகாராஷ்டிரத்தில் இதைவிட நேரடியான வழி உண்டு. பெண் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டே கடையை மூடலாம். 'நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில்' என்று சின்னங்கள். கேரளத்தில் மதுக்கடைக்கு உள்ளாட்சியின் அனுமதி தேவை என்று இருந்த சட்டப் பிரிவை 2017-ல் அரசே நீக்கிவிட்டது.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

உரிம நகல், தூரம் அளந்த வரைபடம் இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கடை திறக்கும் முன்பே ஆட்சியருக்கு மனு போட்டு ஒப்புகை பெறுங்கள். உயர் நீதிமன்றம் போனால் அதுதான் முதல் ஆவணம். மாநகராட்சியும் முழுக்க ஒதுங்கிவிட முடியாது. நடைபாதை ஆக்கிரமிப்பு, கழிவு, கட்டட விதிமீறல் ஆகியவை அதன் பொறுப்பு. உரிமத்தைத் தொட முடியாத கவுன்சிலரால் இவற்றைத் தொட முடியும். கட்டட உரிமையாளரிடம் நேரில் பேசுவதையும் விடாதீர்கள், வாடகைக்கு விடுவது அவர்தானே.

இன்னொன்று. பலகையில் 'டாஸ்மாக்' என்று இல்லாமல் 'மனமகிழ் மன்றம்' என்று இருந்தால் அது வேறு உரிமம். அதற்கு இந்த 2003 விதிகளைக் காட்டிப் பயனில்லை. மதுவிலக்கு ஆயத்தீர்வை ஆணையருக்குத்தான் எழுத வேண்டும்.