காவலனையும் சோதிப்போம்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் கணிப்பொறித் தொழிலில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் எழுதும் நிரல்களுக்குக் காவலாக அமைந்த கருவிகள் சிலவற்றையும், அவற்றைச் சோதிக்கும் முறையையும் அன்பர்கள் அறிந்துகொள்வது நலம்.

நிரல் இயங்குங்கால், தன் தற்காலிகக் கணக்குகளை ‘ஸ்டாக்’ எனும் நினைவகப் பகுதியில் அடுக்கி வைக்கிறது. ஒரு வேலை முடிந்ததும் எவ்விடம் திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அங்கேயே இருக்கும். 72 படுக்கைகள் கொண்ட ரயில் பெட்டியில் 73ஆம் பயணி ஏறினால் பூசல் மூண்டு குற்றம் உடனே வெளிப்பட்டுவிடும். ஸ்டாக்கிலோ, மிகுதியாக எழுதப்பட்டவை ஓசையின்றி அடுத்த இடத்தை அழித்துவிடும். திரும்பும் முகவரியே மாறுமாயின், நிரலைப் பகைவன் தன் விருப்பப்படி இழுத்துச் செல்லலாம்.

1988 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்க மாணவர் ராபர்ட் மோரிஸ் ஏவிய ‘புழு’ நிரல் இவ்வுபாயத்தையும் கையாண்டது. 512 பைட்டுக்கே இடமிருந்த பகுதியில் மிகுதியாக எழுதி உட்புகுந்தது. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் தத்தளித்தன.

மனிதர் எழுதிய நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றும் கம்பைலரே பின்னர் காவல் வைக்கத் தொடங்கியது. 1998இல் ஆய்வுக்கட்டுரையாக விவரிக்கப்பட்ட ஸ்டாக்கார்டு, திரும்பும் முகவரிக்கு அருகில் ஓர் அடையாள எண்ணை வைத்தது. வேலை முடியுங்கால் அவ்வெண் மாறியிருந்தால் நிரல் நிறுத்தப்படும். சுரங்கத் தொழிலாளர் நச்சுக்காற்றை அறியக் கொண்டுசென்ற கானரிப் பறவையின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. 2012இல் கூகிள் ஆய்வாளர்கள் விவரித்த அட்ரஸ் சானிடைசர் இன்னும் கூர்மையானது. அது மாறிகளைச் சுற்றித் தடைப்பகுதிகளை அமைத்து, நிரல் நினைவகத்தைத் தொடும்போதே சரிபார்க்கிறது. இதனால் நிரலின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

இக்காவலர்களைச் சோதிக்க, வேண்டுமென்றே பிழை புகுத்திய சிறு நிரல்களை இயக்குகின்றனர். எல்லைக்கு அப்பால் ஒரு பைட் எழுதுவது ஒன்று. எல்லைக்கு முன்னால் படிப்பது மற்றொன்று. முடிந்துபோன வேலையின் இடத்தைப் பின்னர்த் தொடுவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பிழையற்ற இணை நிரல் ஒன்றும் வேண்டும். கள்வனை விட்டுவிடும் காவலன் பயனற்றவன். நல்லவனைப் பிடிப்பவனை எவரும் நம்பார். அமெரிக்கத் தர நிறுவனமாகிய நிஸ்ட், இத்தகைய சோதனை நிரல்களை ஜூலியட் என்ற தொகுப்பில் வழங்குகிறது.

சோதிப்பவர் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். வேகத்தைக் கூட்டும் பொருட்டு, பயனற்ற வரிகளைக் கம்பைலர் நீக்குவதுண்டு. புகுத்திய பிழையும் அவற்றோடு நீங்கிவிட்டால், கருவி மௌனமாயிருப்பது அதன் குற்றமன்று. ஆகவே, கம்பைலரின் வெவ்வேறு வேக நிலைகளிலும் சோதனையை நடத்துதல் அவசியம்.

அட்ரஸ் சானிடைசருக்கும் எல்லை உண்டு. தடைப்பகுதியைத் தாண்டி வேறொரு மாறியின்மேல் விழும் எழுத்தை அது காணாது. இயக்கப்படாத வரிகளிலுள்ள பிழையையும் அறியாது. கருவி பிழை சொல்லவில்லை என்றதும் வேலையை முடித்துவிடாமல், அது எவ்வெப்பிழைகளைப் பிடிக்கவல்லது என்று முன்னரே சோதித்தறிதல் நம் இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டிய நல்வழக்கமாகும்.